ஒரு போன் பண்ணவே ஒரு வாரம் ஆகிறவர்கள் தெரபிஸ்ட் தேடுவது எப்படி

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கையில் காசு இருக்கும், போனில் ஆப் இருக்கும், கட்ட வேண்டும் என்பதும் தெரியும், தினமும் இரண்டு தடவையாவது ஞாபகம்கூட வரும், ஆனாலும் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் நான் கட்டுவேன். மூன்று முறை இப்படி ஆனது. மூன்றாவது முறை வீட்டுக்காரம்மா "ஏம்மா, ஏதாச்சும் பணக் கஷ்டமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

முப்பத்து மூன்று வயதில் எனக்கு ஏடிஹெச்டி (கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவதும் அடங்கி இருப்பதும் சிரமமாக இருக்கும் நிலை) என்று ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆட்டிசத்தின் அடையாளங்களும் கூடவே இருப்பதாகச் சொன்னார். அந்தச் சீட்டு கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதில் மருத்துவர்களின் எதிரில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஆறு மணி நேரம் தேறாது. மிச்சமெல்லாம் போன் பண்ணாமல் தள்ளிப்போட்டது, பண்ணி எடுக்காததால் மறுபடி பண்ணாமல் விட்டது, வாங்கிய அப்பாயின்ட்மென்ட்டை மறந்தது, மறந்த வெட்கத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்தது. உதவி தேட என்னென்ன திறமை வேண்டுமோ, நம்மிடம் இல்லாதவை சரியாக அவைதான். அதனால் இங்கே நான் சொல்வதில் பாதி, அந்தத் தேடலை நம் தலைக்கு ஏற்ற மாதிரி எப்படி வளைப்பது என்பது பற்றித்தான்.

என்னைப் போன்றவர்களை நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள், அதற்கு நரம்பியல் பன்மை என்று ஒரு தமிழாக்கம் இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள். ஏடிஹெச்டி, ஆட்டிசம், டிஸ்லெக்சியா (எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம்) என்று மூளை வேறு மாதிரி வேலை செய்கிற எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது, அவ்வளவுதான். ஏடிஹெச்டியும் ஆட்டிசமும் ஒரே ஆளுக்கு இருப்பது சகஜம். ஆனால் மனநல மருத்துவர்கள் எந்த நிலைக்கு என்ன பெயர் எழுதுவது என்று பார்க்கும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு 2013-இல் ஐந்தாம் பதிப்பு வரும்வரை இரண்டையும் ஒருவருக்கே எழுத அனுமதிக்கவில்லை. அதற்கு முன்பு படித்துவிட்டு வந்தவர்களில் சிலர் இன்னும் "ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும்" என்று சொல்வது அதனால்தான்.

யாரிடம் போவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி.யோ டிப்ளமோவோ படித்தவர். மாத்திரை எழுதலாம், நோய் அறுதியிட்டு எழுதித் தரலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது, ஆனால் விரிவான பரிசோதனைகளும் தெரபியும் அவருடைய வேலை. அவர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் தருவார், குழுமத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. கவுன்சிலர் என்று போர்டு மாட்டிக்கொள்பவர்களில் முறையாக எம்.எஸ்ஸி. படித்து அருமையாக வேலை செய்பவர்களும் உண்டு, மூன்று மாத ஆன்லைன் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. எங்கே படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிட வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பம். மனநல மருத்துவரை மரியாதைக்கு "நரம்பு டாக்டர்" என்று சொல்லும் பழக்கம் இருப்பதால் நிறையப் பேர் நேராக நியூராலஜிஸ்ட்டிடம் போய் டோக்கன் போட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கிறார்கள். அவர் பார்ப்பது வலிப்பு, பக்கவாதம், ஒற்றைத் தலைவலி. நமக்கு அவர் வேண்டாம்.

எனக்குச் சரியாக வந்த வரிசை: முதலில் மனநல மருத்துவர், அப்புறம் தெரபிஸ்ட். சோர்வுக்கும் மறதிக்கும் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அதையெல்லாம் பார்த்து ஒதுக்க ஒரு மருத்துவர் வேண்டும்.

பீரோவைத் திறங்கள்

ஏடிஹெச்டி என்று எழுத வேண்டுமானால் பன்னிரண்டு வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது டிஎஸ்எம் விதி. ஆட்டிசத்துக்கும் சின்ன வயதுக் கதை வேண்டும். அதனால் மருத்துவர் கட்டாயம் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவார். அவர் கேட்கும்போது நமக்கு ஒன்றுமே ஞாபகம் வராது.

நான் ஊருக்குப் போய் அம்மாவிடம் பழைய ரேங்க் கார்டுகளைக் கேட்டேன். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ரேஷன் கார்டு, நிலப் பத்திரத்தோடு ஒரு மஞ்சப்பையில் எல்லாம் பத்திரமாக இருந்தன. மூன்றாம் வகுப்பில் "நன்றாகப் படிக்கிறாள், கவனம் இல்லை". ஐந்தாம் வகுப்பில் "வகுப்பு நேரத்தில் ஜன்னலையே பார்க்கிறாள்". ஏழாம் வகுப்பில் அதே கவனம் இல்லை, இந்த முறை சிவப்பு மையில். எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்டார், சொன்னேன்.

"நீ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானே, இதுக்குப் போயி டாக்டரா?"

"அதைத்தாம்மா அவங்களும் கேக்கறாங்க."

ரேங்க் கார்டு கிடைக்காவிட்டால் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ பேசி அவர்கள் சொல்வதை வாய்ஸ் நோட்டாகப் பதிந்துகொள்ளுங்கள். நோய், டாக்டர் என்று ஆரம்பிக்க வேண்டாம். "நான் சின்ன வயசுல எப்படி இருந்தேன்?" என்று சும்மா கேட்டாலே போதும், டம்ளர் தொலைத்த கதை, கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்கே வராத கதை, ஒரே சட்டையைத்தான் போடுவேன் என்று அழுத கதை எல்லாம் தானாக வரும்.

இப்போதைய வாழ்க்கை பற்றியும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். "கவனம் வருவதில்லை" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை, எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். நடந்ததை எழுதுங்கள். அடுப்பில் பால் வைத்துவிட்டு நேராக எதிரிலேயே நின்றுகொண்டு பொங்கவிட்டது. மிக்ஸி ஓடினால் பக்கத்து அறையில் யோசிக்கவே முடியாதது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் மீட்டிங் முடிந்ததும் பாத்ரூமில் போய்ப் பத்து நிமிடம் உட்கார்வது. வேலை, பணம், உறவு, உடம்பு என்று எது எது இதனால் அடிபட்டது என்பதும் வேண்டும்.

பெரியவர்களின் ஏடிஹெச்டிக்கென்று உலக சுகாதார நிறுவனத்தின் பதினெட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஏ.எஸ்.ஆர்.எஸ். என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். முதல் ஆறு கேள்விகள்தான் வடிகட்டி. அதை நிரப்பி எடுத்துப் போகலாம். அதை வைத்து நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. பதற்றமும் மன அழுத்தமும் இருந்தாலும் அதே பெட்டிகளில் டிக் விழும்.

போன் வேண்டாம், மெசேஜ் போடுங்கள்

இன்று பெரும்பாலான கிளினிக்குகளுக்கு வாட்ஸ்அப் எண் இருக்கிறது. நான் கடைசியில் அனுப்பிய மெசேஜ் கிட்டத்தட்ட இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். எனக்கு வயது 32. ஏடிஹெச்டி அல்லது ஆட்டிசம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு இதைப் பரிசோதிக்கும் அனுபவம் உங்களிடம் யாருக்காவது உண்டா? மொத்தம் எத்தனை அமர்வு, எவ்வளவு கட்டணம் ஆகும்? போனில் பேசுவது எனக்குச் சிரமம், பதிலை மெசேஜாகவே அனுப்ப முடியுமா?"

ஐந்து இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால் மூன்றாவது நாள் அந்த விஷயமே மனதிலிருந்து போயிருக்கும். கடைசிக் கேள்வி ஒரு சல்லடை மாதிரி: அதைப் படித்துவிட்டும் "கால் பண்ணுங்க" என்று பதில் போடுகிற இடம் எப்படி இருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். (வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அவ்வளவே என்றும் இருக்கலாம். நல்ல டாக்டர் என்று கேள்விப்பட்டிருந்தால் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.)

தனியாக இதைச் செய்ய முடியவில்லையா? ஒரு ஃப்ரெண்டைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், அவர் பாட்டுக்குப் போனை நோண்டிக்கொண்டு இருக்கட்டும். இதற்கு பாடி டபுளிங் என்று பெயர், ஏடிஹெச்டிகாரர்கள் பலருக்கு விளக்கமே இல்லாமல் வேலை செய்கிறது. வீட்டில் தனியாக முடிக்காத வீட்டுப்பாடத்தை டியூஷனில் போய் உட்கார்ந்ததும் முடித்துவிடுவோமே, அந்த மாதிரி.

காசு விஷயம். தனியாரில் ஒரு அமர்வுக்குச் சென்னையில் நான் விசாரித்த இடங்களில் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை சொன்னார்கள், முழுப் பரிசோதனை தனிக் கணக்கு. அது கட்டுப்படி ஆகாதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டமும் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேக்கணும்" என்று கிண்டல் கேட்டே வளர்ந்ததால் அங்கே ஓபி சீட்டு வாங்க நமக்குக் கால் கூசும். ஆனால் அது பயிற்சி பெற்ற மருத்துவர்கள் தினமும் உட்கார்ந்து பார்க்கும் அரசு மருத்துவமனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒன்றிய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது, ஆட்டிசம் தொடர்பான பரிசோதனைக்கும் சான்றிதழ் வழிகாட்டுதலுக்கும் அங்கே விசாரிக்கலாம். அரசு இடங்களில் கூட்டமும் சத்தமும் அதிகம், இயர்பிளக்கும் தண்ணீர் பாட்டிலும் கூட ஒரு ஆளும் எடுத்துப் போங்கள். இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மனநலத்துக்கும் உடல்நலத்துக்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, ஆனால் தெரபி என்பது ஓபி கணக்கு, சாதாரண பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் கொடுக்கும். பாலிசியில் ஓபி இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் அமர்வில் எதைப் பார்ப்பது

என் முதல் கவுன்சிலர் நல்ல மனுஷி, சிரித்த முகம். ஒரு நாளை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்த அட்டவணை ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். திங்கள் காலை ஏழரை வரை நிரப்பினேன். அடுத்த வாரம் வெறும் தாளோடு போனதும், "உங்களுக்கே மாறணும்னு ஆசை இல்லையோன்னு தோணுது" என்றார். அட்டவணை போட முடியாததால்தான் அவரிடம் போயிருந்தேன் என்பதை அப்போது சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தேன், அப்புறம் ஏழு மாதம் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டாமவர் அறையில் ஒரு டியூப் லைட் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் பேசிக்கொண்டே இரண்டு மூன்று தரம் மேலே பார்த்திருப்பேன் போல. "லைட் கண்ணைக் குத்துதா? அணைச்சிடட்டுமா?" என்றார். எழுந்து அணைத்துவிட்டு மேஜை விளக்கைப் போட்டார். நான் நாற்காலியில் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்ததையும் கண்டுகொள்ளவில்லை. கரண்ட் பில் கதையைச் சொன்னதும் ஏன் கட்டவில்லை என்று கேட்கவில்லை. "பில் வந்தது உங்களுக்கு எப்போ, எங்க நிக்கும்போது தெரியும்?" என்றார். மீட்டர் எடுக்க வருகிறவர் வாசலில் நிற்கும்போது என்றேன். இப்போதெல்லாம் அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் வாசலில் நின்றபடியே கட்டிவிடுகிறேன். உள்ளே போய்க் கட்டலாம் என்று திரும்பினால் போச்சு.

வித்தியாசம் அங்கேதான். நம்மை அட்டவணைக்குள் திணிக்கிறவரா, நம் நாளைப் பார்த்து அட்டவணையையே கிழிக்கத் தயாராக இருப்பவரா என்று பாருங்கள். அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் இப்போது யாருக்குச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். பெரியவர்களில் ஏடிஹெச்டி, ஆட்டிசம் உள்ள எத்தனை பேரோடு வேலை செய்திருக்கிறீர்கள்? வீட்டுப்பாடம் கொடுத்து நான் செய்யாமல் வந்தால் என்ன செய்வீர்கள்? தெரபி முடிவில் நான் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவதற்கு "அப்ப அந்த வீட்டுப்பாடம் சரியில்லைன்னு அர்த்தம், சின்னதாக்குவோம்" என்கிற மாதிரி எது சொன்னாலும் நல்லது. மூன்றாவதற்கு "நார்மலா ஆகிடுவீங்க" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

"நல்லா கண்ணைப் பார்த்துப் பேசறீங்களே, உங்களுக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?", "டிகிரி முடிச்சு வேலைக்கும் போறீங்களே", "கல்யாணம் ஆனா பொறுப்பு தானா வரும்" என்பவையும் அந்த ரகம்தான். கண்ணைப் பார்ப்பதுபோல் புருவத்தைப் பார்த்துச் சமாளிக்க நாம் பத்து வயதிலேயே கற்றிருப்போம். மாஸ்கிங் என்று அதற்குப் பெயர், வீட்டுக்கு வந்ததும் ஆளை அடித்துப் போட்ட மாதிரி ஆவது அதனால்தான். பெரியவர்களுக்குக் கண் பார்த்துப் பேசும் பயிற்சி தருகிறேன் என்று யாராவது சொன்னால், இருக்கிற முகமூடிக்கு மேல் இன்னொன்று மாட்டிவிடுகிறார் என்று அர்த்தம். பிரிட்டனில் தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்ட்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்கள் புரியாத அளவுக்கு மற்றவர்களுக்கும் அவர் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. உங்கள் தெரபிஸ்ட்டுக்கு அந்தப் பெயர் தெரிய வேண்டியதில்லை, விஷயம் தெரிந்தால் போதும்.

சிபிடி எனப்படும், எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசி மாற்றும் தெரபி முறை ஏடிஹெச்டிக்கு உதவும், ஆனால் நமக்கு ஏற்ற மாதிரி மாற்றியதாக இருக்க வேண்டும்: நேரம், பணம், தொடங்குவது, முடிப்பது ஆகியவற்றைக் கையில் எடுத்து வேலை செய்வது. எதிர்மறை எண்ணத்தை எழுதிப் பக்கத்தில் நேர்மறை எண்ணத்தை எழுது என்பதோடு நிற்பது நமக்குப் பற்றாது. சத்தம், வெளிச்சம், துணி, நாற்றம் அதிகம் படுத்துகிறதென்றால் அன்றாட வேலைகளைச் சமாளிக்கப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் கேளுங்கள். பெரும்பாலும் குழந்தைகளைத்தான் பார்ப்பார்கள், அறை முழுக்கப் பந்தும் ஊஞ்சலுமாக இருக்கும், வெட்கப்படாமல் பெரியவர்களைப் பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

மாத்திரை

எடுப்பதா வேண்டாமா என்பது உங்களுக்கும் மருத்துவருக்கும் நடுவில். நான் சொல்வது நடைமுறை மட்டும். ஏடிஹெச்டிக்கு இங்கே அதிகம் எழுதுவது மெத்தில்ஃபெனிடேட், அட்டாமாக்செட்டின். முதலாவது 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் எல்லாக் கடையிலும் இருக்காது, ஒரிஜினல் சீட்டு கேட்பார்கள், 2020 டெலிமெடிசின் நெறிமுறைப்படி வீடியோ காலில் எழுதித் தருவதற்கும் தடை உண்டு. அதனால் நேரில் போகக்கூடிய தூரத்தில் ஒரு மருத்துவர் வேண்டும், தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும். ரத்த அழுத்தம், நாடி, வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதயக் கோளாறு உண்டா என்பதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அதைப் பார்க்காமல் எழுதினால் நீங்களே கேளுங்கள். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் தெரியுமா

பதினெட்டு வயது தாண்டிவிட்டால் உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் மருத்துவர் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சூழல்களில்தான் விலக்கு. உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் அதே 2017 சட்டத்தில் உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இது பெரிய பயம் என்று தெரியும், முதல் சந்திப்பிலேயே "வீட்டுக்கு போன் பண்ணாதீங்க, என் நம்பரைத் தவிர வேற எந்த நம்பருக்கும் மெசேஜ் வேண்டாம்" என்று ஃபைலில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

ஆபீசில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெயரைச் சொல்லாமலே நிறையக் கேட்கலாம்: "மீட்டிங் முடிஞ்சதும் என் வேலையை ரெண்டு வரியில மெயில் போட்டுடுங்க, வாய்ல சொன்னா விட்டுடுவேன்" என்றால் எந்த மேனேஜரும் சரி என்பார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இருக்கின்றன, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் வந்தால் இட ஒதுக்கீடு உட்பட சலுகைகள் உண்டு. ஏடிஹெச்டி தனி வகையாக அதில் இல்லை.

இரவு ரெண்டு மணிக்கு ரொம்ப மோசமாக இருந்தால், உயிரை விட்டுவிடலாம் என்றுகூட யோசனை ஓடினால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். இந்த ஒரு எண்ணை மட்டும் இப்போதே போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

நாலைந்து அமர்வு போயும் போகிற அன்று வயிற்றைக் கலக்குகிறது, வந்த பிறகு இன்னும் கேவலமாக உணர்கிறீர்கள் என்றால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள், நல்லவர் என்றால் மாற்றிக்கொள்வார். மாறவில்லையா, "இனி வரப்போவதில்லை, இதுவரைக்கும் நன்றி, என் ரிப்போர்ட்டுகளை அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு மெசேஜ் போதும். காரணம் சொல்லும் கடமை இல்லை. நாம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிற ஆட்கள், ரிப்போர்ட்டுகளும் அங்கேயே போய்விடும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நல்லவராக அமைந்துவிட்டால் அடுத்த தேதியை அறையைவிட்டு வெளியே வருவதற்குள் போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய் மெசேஜ் பண்றேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வாரம் நான் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன், படிக்கட்டில் பாதி இறங்கியதும் ஞாபகம் வந்து திரும்ப ஏறிப்போய்த் தேதி வாங்கினேன். வரவேற்பில் இருந்த பெண் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.